நாய்த் தீனி மூட்டை: புரோட்டீன் எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா?

மளிகைக் கடைகளில் சோப்பு, ஊதுவத்தி வரிசையை அடுத்து நாய்க்கான உலர் தீனியும் இடம் பிடித்துவிட்டது. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் "பெடிகிரி இருக்கா?" என்று கேட்டே வாங்குகிறார்கள். புதிது புதிதாக ஏஜெண்டுகளும் வருகிறார்கள். "24 சதவீதம் புரோட்டீன், உங்களுக்கு மார்ஜின் கூடுதல்" என்று 20 கிலோ மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார்கள். நம் வணிகர்கள் பலரும் அந்த எண்ணையும் விலையையும் பார்ப்பதோடு சரி. துவரம்பருப்பை அப்படி வாங்குவோமா? கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதானே விலை பேசுகிறோம்!

இந்தத் தீனியில் இருப்பவை நமக்குப் புதிய சரக்குகள் அல்ல. மக்காச்சோளம், அரிசிக் குருணை, கோதுமை, சோயாப் புண்ணாக்கு, தவிடு, கோழித் தூள், மீன் தூள், எண்ணெய் இவைதாம். எல்லாவற்றையும் அரைத்து, நீராவியில் வேகவைத்து, அச்சில் பிழிந்து, உலர்த்தி, மேலே கொழுப்பைத் தெளித்தால் தீனி தயார். பிழிந்த பிறகு எது எவ்வளவு என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் மூட்டையின் பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும்.

முதலில் புரோட்டீன் எண். சோதனைக் கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. சரக்கில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். கோழிக்கறியும் நைட்ரஜன் கொடுக்கும், இறகும் குளம்பும் கொடுக்கும். நாயின் வயிறு இரண்டையும் ஒன்றாக ஏற்காது, ஆனால் எண் ஒன்றாகவே வரும். இந்த ஓட்டையில் நடந்த மோசடிதான் 2007இல் வெளியானது. சீனாவிலிருந்து அமெரிக்கா சென்ற கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். அதில் நைட்ரஜன் மிகுதி என்பதால் புரோட்டீன் எண் ஏறியது. தின்ற நாய், பூனைகளின் சிறுநீரகம் கெட்டது. ஒரே கம்பெனி சுமார் 6 கோடி டின்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலும் குழம்புபோல் இருக்கும் ஈர உணவு என்றாலும் எண் செய்த ஏமாற்று ஒன்றுதான். மறு வருடம், 2008இல், சீனக் குழந்தைகளின் பால் மாவிலும் இதே மெலமைன் பிடிபட்டது.

ஆகவே எண்ணைவிடச் சேர்மானப் பட்டியல் முக்கியம். எடை அதிகமானது முதலில் வரும்படி அதை எழுதுவது வழக்கம். இதிலும் இரண்டு சூட்சுமம் உண்டு. ஒன்று, அந்த எடை தயாரிப்புக்கு முந்தைய எடை. "கோழி இறைச்சி" என்று முதலில் போட்டிருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். பச்சைக் கறியில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். 100 கிலோ போட்டால் உலர்ந்த தீனியில் 33 கிலோதான் நிற்கும். தேங்காயின் எடையைக் கொப்பரைக்குச் சொல்வதுபோல்தான் இது. "கோழித் தூள்" என்று போட்டிருந்தால் அது ஏற்கனவே உலர்ந்தது, எடை அவ்வளவாகக் குறையாது. எந்தப் பிராணி என்று சொல்லாமல் "இறைச்சிப் பொருட்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தால், அந்தந்த மாதம் மலிவாகக் கிடைத்ததைப் போடுவதற்கு இடம் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஒரே சரக்கைப் பிரித்து எழுதுவது. கோழித் தூள் 20 பங்கு, மக்காச்சோளம் 15, குருணை 14, மக்காச்சோளப் புரதம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் கோழி முதலிடம். ஆனால் சோளத்தின் இரண்டு உருவத்தையும் கூட்டினால் 25! தானியம் இருப்பது குற்றமல்ல, வெந்த மாவுச்சத்து நாய்க்குச் செரிக்கும். கறி விலை வாங்கிக்கொண்டு சோளத்தைக் கொடுப்பதுதான் குற்றம்.

சாம்பல் சதவீதம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். 10ஐத் தாண்டினால் கறியைவிட எலும்பு மிகுதி என்று சந்தேகிக்கலாம். புரோட்டீன், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கூட்டி 100இல் கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. 20, 10, 5, 10, 8 என்றிருந்தால் கூட்டுத்தொகை 53, மாவுச்சத்து 47. அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் அளவுப்படி, ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும். சிவப்பு, பச்சை உருண்டைகளுக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. நாய்க்கு அந்த இரண்டு நிறமும் சரியாகப் பிரிந்து தெரியாது. சாயம் வாங்குகிறவரின் கண்ணுக்காக!

சோளத்தில் பெரிய ஆபத்து பூஞ்சை. நாமக்கல் கோழித் தீவனக்காரர்கள் ஏன் ஈரம் பார்த்துச் சோளம் எடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் வேகவைத்தாலும் முழுவதும் போகாது, நாயின் ஈரலைத் தாக்கும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் இந்த நச்சு கலந்த உலர் தீனியைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன. இதற்கு அங்கே வைத்திருக்கும் வரம்பு 100 கோடியில் 20 பங்குதான்.

நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இல் "உணவு" என்ற சொல்லுக்குள் கால்நடைத் தீவனம் வராது. ஆகவே பருப்புக்கு மாதிரி எடுப்பதுபோல் இதற்கும் எடுப்பார்கள் என்று இருந்துவிடக் கூடாது. தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், நிகர எடை, விலை, புகார் எண் இல்லாத மூட்டையை இறக்கவே வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

கடைசியாக, மூட்டையைப் பிரித்து அரைக்கிலோ, கால்கிலோ என்று சில்லறையில் கொடுக்கும் பழக்கம். தீனியின் வெளிப்புறத்தில்தான் கொழுப்பு தெளித்திருக்கிறது. காற்றுப் பட்டால் காறல் வாடை அடிக்கும், வைட்டமின்களும் குறையும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், வண்டும் வரும். கொடுத்தே ஆக வேண்டுமானால் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டாமல் கம்பெனி மூட்டையோடு டிரம்முக்குள் வைத்து வாயை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்தில் தீர்த்துவிடுங்கள். பழைய மூட்டையின் அடித்தூளைப் புதியதில் கொட்டாதீர்கள். பேட்ச் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நாய் தின்ன மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, கண் மஞ்சளாகிறது என்று வாடிக்கையாளர் வந்தால், அந்தத் தீனியை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மீதி மூட்டையைக் கட்டித் தனியே வைத்துவிட்டு ஏஜெண்டுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.