விண்ணிலே முளைத்த தட்டப்பயறு!

ஊறவைத்த தட்டப்பயறை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டாம் நாளே முளை எட்டிப்பார்க்கும். இதைப் போய் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பணுமா? கேள்வி நியாயம்தான். ஆனால் அனுப்பினார்கள்.

2024 டிசம்பர் 30 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியது. ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டையும் விட்டபிறகு, அதன் நான்காம் அடுக்குக்கு வேலை முடிந்தது. குப்பையாகச் சுற்றவேண்டிய அதை 350 கி.மீ. உயரத்துக்கு இறக்கி, 24 கருவிகள் கொண்ட சோதனை மேடையாக்கினார்கள். பெயர் போயம்-4. அதில் ஒன்றுதான் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 'க்ராப்ஸ்' பெட்டி. உள்ளே 8 விதைகள்.

அங்கே என்ன சிக்கல்? நம்ம மண்ணில் விதை தலைகீழாய் விழுந்தாலும் வேர் கீழேதான் போகும். வேர்நுனிச் செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி, அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ அதுதான் கீழ் என்று வேர் தெரிந்துகொள்கிறது. பூமியைச் சுற்றும்போது பெட்டி, விதை, மணி எல்லாமே சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. அதனால் மணி படியாது, மேலுமில்லை, கீழுமில்லை. வேரும் தண்டும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் நம்பித்தான் போகணும்.

தண்ணீர் அதைவிடத் தொல்லை. வடியாமல் வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். சூடான காற்றும் மேலே எழும்பாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பெட்டிதான். நுண்துளைக் களிமண், மெதுவாகக் கரையும் உரம். தரையிலிருந்து கட்டளை போனதும் மின்வால்வு திறந்து தண்ணீர் விடும். எல்.இ.டி. விளக்கில் 16 மணி நேரம் பகல், 8 மணி நேரம் இரவு. வெப்பம் 20 முதல் 30 டிகிரி. ஆக்சிஜன், கார்பன்-டை-ஆக்சைடு, ஈரப்பதம் எல்லாம் பார்க்க சென்சார்கள், கூடவே கேமரா. இதெல்லாம் நாம் டிப்ளமோவில் படிக்கிற சமாச்சாரம்தானே! நம்ம லேபில் வால்வு மக்கர் பண்ணினால் ஸ்பேனரோடு ஓடலாம். அங்கே யார் ஓடுவது?

நாலே நாளில் முளைத்தது. 2025 ஜனவரி 6-ல் இலை வந்தது. இரண்டு இலை வரை வளர்ப்பதுதான் திட்டமே. விவசாயியான எங்க அப்பா இதைப் பயிர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்! 1982-லேயே ரஷ்யர்களின் சல்யூட்-7 நிலையத்தில் கடுகு குடும்பத்து அரபிடாப்சிஸ் பூத்து விதையே கொடுத்திருக்கிறது. 2015-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விளைந்த லெட்யூஸ் கீரையை வீரர்கள் தின்றார்கள். ஆனால் செவ்வாய்க்குப் போக மட்டுமே ஆறேழு மாதம் ஆகும். வழியில் சாப்பாடு தீர்ந்தால் கடை கிடையாது. அதனால் இரண்டு இலையும் பெரிய விஷயம்தான்.

2019 ஜனவரியில் சீனாவின் சாங்'இ-4 கலம் நிலவில் பருத்தி விதையை முளைக்க வைத்தது. நிலவில் இரவு வந்தது. கடுங்குளிரில் முளை செத்துப்போனது. போயம்-4 மேடையோ 2025 ஏப்ரல் 4-ல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்து விழுந்தது.