பட்டறைக் கருவிகளின் ஆயுளும் வாங்குவோர் உரிமையும்

தகப்பன் வாங்கிய டிரில்லிங் மெஷினை மகன் ஓட்டிப் பழகி, பேரன் காலத்திலும் கார்பன் பிரஷ்ஷையும் பேரிங்கையும் மாத்திரம் மாற்றிக்கொண்டு அதே பட்டறையில் உபயோகித்து வந்ததாக முதிய தொழிலாளிகள் சொல்லும்போது, பழமையின் மீதுள்ள பாசம் அதில் ஓரளவு கலந்திருக்கலாம்; ஆயினும், இன்று கடைத்தெருவில் மலிவு விலைக்குக் கிடைக்கும் கை கிரைண்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர் எவரும் அக்கூற்றை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட மாட்டார்.

சீரழிவு வெளியே தெரிவதில்லை என்பதே இதில் விசேஷம். மேலுறையின் வர்ணமும் பிடியின் ரப்பரும் முன்னிலும் அழகாகவே இருக்கின்றன. உள்ளே, செம்புக் கம்பி சுற்றவேண்டிய மோட்டாரில் அலுமினியக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதே பருமனுள்ள செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ 60 சதவீதமே ஆகையால், சுமை கூடும்போது காயில் விரைவில் சூடேறி, கம்பியின் மீதுள்ள வார்னிஷ் கருகி, ஒரு நாள் புகையோடு மோட்டார் நின்றுபோகிறது. அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சிட்டு விற்கிறவர்களும் உண்டு. அங்கே காயில் கட்டுகிறவரின் அனுபவமுள்ள கண்களும் ஒரு கணம் ஏமாறும். பேரிங் இருந்த இடத்தில் புஷ்ஷும், எஃகுப் பல்சக்கரம் இருந்த இடத்தில் நைலான் சக்கரமும் குடியேறிவிட்டன. முன்பெல்லாம் ஸ்குரூ டிரைவரால் வெளியிலிருந்தே கழற்றக்கூடியதாயிருந்த பிரஷ் மூடி சில மாடல்களில் மறைந்துபோய், அற்ப விலையுள்ள பிரஷ்ஷை மாற்றுவதற்கு இயந்திரம் முழுவதையும் பிளக்கவேண்டியிருக்கிறது.

மலிவுச் சரக்கு வந்ததால் நன்மையே இல்லை என்று வாதிப்பது என் நோக்கமன்று. வாடகைக்குக் கருவி எடுத்து வேலை செய்துகொண்டிருந்த எத்தனையோ தச்சர்கள் இன்று சொந்தக் கருவி வைத்திருப்பது அதனால்தான். அன்றியும், தோட்டங்களில் புல் வெட்டும் டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஆயில் கலவாத வெறும் பெட்ரோலை ஊற்றிப் பிஸ்டனைச் சிக்கவைத்துவிட்டுத் தயாரித்தவரை நிந்திப்பதும் நியாயமாகாது. ஆனால், செம்பு வைண்டிங் என்று பெட்டியில் அச்சிட்டு, உள்ளே அலுமினியத்தை வைப்பது மலிவு அன்று; மோசடி.

இத்தகைய வஸ்துவைத் திருப்பிக் கொண்டு சென்றால், "தொழிலுக்கு வாங்கின சாமானுக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று கடைக்காரர் சொல்வதும், அதை நம்பித் தொழிலாளி திரும்பிவிடுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். இது பாதி உண்மை. 2020 ஜூலை 20 அன்று அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை விலக்குகிறது என்பது மெய்யே. சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்கென்றே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் அவ்விலக்கில் சேராது என்ற விளக்கத்தையும் அதே சட்டம் கூடவே தருகிறது. 1995இல், லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டின் மீது தொடுத்த வழக்கில், தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுவதற்கு லேத் வாங்குகிறவர் நுகர்வோரே என்றும், ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதனால் அவர் அந்த நிலையை இழப்பதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்வழக்கைத் தொடுத்த நிறுவனம், பெரிய அளவில் வணிகத்துக்காக இயந்திரம் வாங்கியது என்ற காரணத்தால் தோற்றது என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே, புகார் எழுதுகிறவர், இக்கருவியைக் கொண்டே தாமும் குடும்பமும் ஜீவிப்பதை முதற்பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். வீட்டு உபயோகத்துக்கென்று செய்த கருவியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் கிடையாது என்று வாரண்டி அட்டையில் பொடியெழுத்தில் போட்டிருக்கிறதா என்பதை வாங்குமுன் படித்துக்கொள்வதும் அவசியம்.

பில் இல்லாமல் வாங்கினால் இவ்வளவும் வீண். பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக முறை என்று சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற விவரம் ஆகியவை இருந்தே தீரவேண்டும்.

கட்டிங் வீல் சிதறி ஒருவர் காயமுற்றால், அது உற்பத்திப் பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தின் கீழ் வரும். தயாரித்தவர் இன்னார் என்று தெரியாதபோதும், இந்தியச் சட்டத்துக்கு அவர் உட்படாதபோதும், விற்ற கடைக்காரரே பதில் சொல்லவேண்டும் என்பது அதிலுள்ள மிக முக்கியமான ஏற்பாடு. வீலில் குறித்துள்ள அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, நடு வளையத்தில் முத்திரையிட்ட காலாவதி மாதம் கடந்துவிட்டதா என்று பார்க்காமலும், கார்டைக் கழற்றிவிட்டும் வேலை செய்தவருக்கு அந்த வாதம் பலவீனமாகிவிடும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால், வாங்கிய ஊர் எதுவானாலும், தாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பழுது நீக்குதல், மாற்றித் தருதல், பணத்தைத் திருப்புதல், நஷ்டஈடு ஆகிய நிவாரணங்களை ஆணையம் வழங்கலாம். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிபாகம் தர மறுக்கும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கருவியில் மறைந்திருக்கும் குறையைச் சோதனையின்றி நிர்ணயிக்க முடியாதபோது, ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதற்குரிய செலவைப் புகார்தாரர் முன்கூட்டிக் கட்ட நேரிடலாம். எதையும் தம் கையாலேயே திறந்து சரிசெய்து பழகிய நம் தொழிலாளிகள் இங்கேதான் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்: கருகிய மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்த பிறகு, உள்ளே இருந்த அலுமினியம் தயாரித்தவர் வைத்ததா, பின்னால் சுற்றியதா என்று எதிர்க்கட்சி கேட்பதற்கு அவர்களிடம் பதில் இராது.