நூலக வரி கட்டுகிறோமே, கவனித்தீர்களா?

போன மாதம் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய வீட்டு வரி ரசீதுகள் ஒரு கட்டாக அகப்பட்டன. வரி கட்டுவது எப்போதும் என்னவர்தான். ரசீதை வாங்கிப் பெட்டியில் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு என்னவோ, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீட்டு வரி 150 ரூபாய். அதற்குக் கீழே, நூலக வரி 15 ரூபாய்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கட்டறதுதான், விடு" என்றார்.

சிலிண்டர் போடுகிற பையன் இருபது ரூபாய் கூடக் கேட்டாலே வாசலில் நிற்க வைத்துக் கணக்குக் கேட்கிறவள் நான். இதை மட்டும் எப்படி விடுவது? எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் ரசீதை நீட்டினேன். அவர் சொன்னதையெல்லாம் கேட்டபிறகு, இத்தனை வருஷம் இது தெரியாமலே குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது.

1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்டது நம் மாகாணம்தான் முதலில். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத்துக்குப் பணம் யாராவது தர்மமாகக் கொடுத்துத்தான் வரவேண்டும் என்றில்லாமல், வீட்டு வரியோடு சேர்த்தே ஒரு சிறு தொகையை வாங்கிவிடுவது என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். இப்போது அது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஊராட்சியோ நகராட்சியோ வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு அது விழுப்புரம். வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் தப்பவில்லை. வீட்டுக்காரர் இதையும் மனசில் வைத்துத்தானே வாடகை சொல்கிறார்!

ஆக, நூலகத்தில் இருக்கிற புத்தகத்திலும் பேப்பரிலும் எரிகிற டியூப் லைட்டிலும் நம் வீட்டுப் பணம் இருக்கிறது. நாம் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறோம்?

நான் போய்வருகிற நூலகம் எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். நூலகர் நல்ல மனிதர், அவருக்குச் சங்கடம் வேண்டாம். ஒரே ஆள்தான் கதவைத் திறந்து, பெருக்கி, பேப்பரை அடுக்கி, பதிவும் போடுகிறார். காலை 8 முதல் 11, மாலை 4 முதல் 7. வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த நேரத்தைக் குறித்தவர் வீட்டில் சமையல் செய்ததே இல்லை என்று நினைக்கிறேன்! எட்டு மணிக்கு நாம் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்போம். நாலு மணிக்குப் பிள்ளைகள் பசியோடு வந்து நிற்பார்கள். அப்புறம் பால், விளக்கு, ராத்திரிச் சாப்பாடு. நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பது மத்தியானம் ஒன்று முதல் நாலு வரை. அப்போது அங்கே பூட்டுத் தொங்குகிறது.

அவசரமாக ஓடிப்போய் வந்தாலும், பேப்பர் மேஜையைச் சுற்றி ஆண்கள் கூட்டம். பெண்கள் பத்திரிகை வருவது அவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, முதல் ஆளாகப் படித்துவிடுகிறார்கள். ஒரு சமையல் புத்தகம் எடுத்து வந்தேன். பாதுஷா இருந்த பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. எந்தப் புண்ணியவதி செய்த வேலையோ! சகோதரிகளே, தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பக்கத்து வீட்டுப் பெண் குரூப்-4 தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் ஒரே அறை, டி.வி. சத்தம். அதனால் பஸ் ஏறி டவுனில் இருக்கும் முழுநேர நூலகத்துக்குப் போகிறாள். அங்கே பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. காலையில் ஒரு டம்ளர் காபி குடித்தால், திரும்ப வீடு வந்து சேரும்வரை தண்ணீரே தொடமாட்டாளாம். போன கோடையில் நீர்க்கடுப்பு வந்து நாலு நாள் படுத்துவிட்டாள். "அதான், கழிவறை வெச்சா சுத்தம் பண்ண ஆள் போடணும், அதுக்குப் பணம் இல்லன்றாங்க அத்தை" என்றாள். வரி கட்டுகிற வீட்டுப் பெண்ணுக்கு இந்த வசதிகூட இல்லையா?

இதைக் கிராம சபைக் கூட்டத்தில் கேட்டேன். முதல் தடவையாக எழுந்து நின்றேன், கால் நடுங்கியது. "நூலக வரி நம்மகிட்ட தங்காதும்மா, விழுப்புரம் போயிடும்" என்று பதில் வந்தது. பிறகு அந்த ஆசிரியர்தான் விளக்கினார். நம் பக்கம் நூலகத்தில் இரண்டு விதம் உண்டாம். ஒன்று பொது நூலகத் துறையைச் சேர்ந்தது. அதன் நேரம், ஆள், புத்தகம் எல்லாம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கையில். இன்னொன்று, 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டியது. அது ஊராட்சியின் பொறுப்பு. அதில் பல இடங்களில் பூட்டுத்தான் கிடக்கிறது என்பது நமக்கே தெரியும். ஆகவே எந்தக் கட்டடம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொண்டு, சரியான வாசலில் போய்க் கேட்க வேண்டும். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்துவிட்டது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நூலகரிடம் போனேன். "நேரத்தை மாத்தறது என் கையில இல்லம்மா. எழுதிக் குடுங்க, மேலே அனுப்பறேன்" என்றார். நான் எழுதியது இவ்வளவுதான்: வாரத்தில் இரண்டு நாள் மதியம் 2 மணிக்கே திறக்கட்டும், ஈடாகக் காலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். பெண்கள் உட்கார ஒரு மேஜை. ஒரு கழிப்பறை.

"காலையில பேப்பர் படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் என்னவர். டீக்கடையில் படிக்கட்டுமே!

கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மல்லாட்டை உடைக்கிற திண்ணைகளாகப் பார்த்துப் போனேன். "அவரைக் கேட்டுட்டுப் போடறேன் அக்கா" என்றவர்கள் பாதிப்பேர். ஒரு பாட்டி மட்டும், "எனக்குப் படிக்கத் தெரியாட்டி இன்னா, எம் பேத்தி படிப்பா இல்ல?" என்று கைநாட்டு வைத்தார். நடுவில் அமாவாசை வந்துவிட்டது. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள், இரண்டு நாள் வேலை நின்றது. கடைசியில் 34 பேர் கையெழுத்தோடு அனுப்பிவிட்டோம். இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு செய்தி. நூலகத்துக்கு வரமுடியாத முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத் திறனாளிகளுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் 'நூலக நண்பர்கள்' திட்டம் 2022-ல் தொடங்கியது. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் புத்தகம் போயிருக்கிறதாம்! உங்கள் ஊர் நூலகத்தில் இந்தத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கும் பொழுது போகும்.

உங்கள் ஊரில் மத்தியானம் திறக்கிற நூலகம் இருந்தால், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் ரசீதும் கையுமாகப் போவதாக இருக்கிறோம். என்னவர்கூட, "நானும் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

- ஒரு குடும்பத் தலைவி, மேல்மலையனூர்.