எருமை வயிற்றில் மங்கள்சூத்ரா! தொலைந்த நகையைத் தேடித் தரும் கருவி

மராட்டிய மாநிலம் வாசிம் மாவட்டத்தில் ஒரு கிராமம். 2023-ம் ஆண்டு. விவசாயி ஒருவரின் மனைவி குளிக்கப் போகுமுன் கழுத்தில் இருந்த மங்கள்சூத்ராவைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். தட்டில் இருந்தது சோயாவும் வேர்க்கடலைத் தோலும். பிறகு மறதியாக அந்தத் தட்டை அப்படியே எருமைக்கு முன்னால் வைத்துவிட்டு, வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தால் தாலி இல்லை! திருடன் வந்தானோ என்றுதான் முதலில் சந்தேகம். அப்புறம் தட்டு நினைவுக்கு வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தார். தட்டு காலி.

கால்நடை டாக்டர் மெட்டல் டிடெக்டரை எருமையின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். உள்ளே உலோகம் இருக்கிறது என்று கருவி சொல்லிவிட்டது. இரண்டு மணி நேர அறுவைச் சிகிச்சை. அறுபதுக்கு மேல் தையல். சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகை வெளியே வந்தது.

பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. அந்த வீட்டுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. நம் வீடுகளிலும் அப்படித்தானே? ஊரில் நிலம் இல்லை, பாங்கில் பெரிய தொகை இல்லை. பிள்ளையின் படிப்புக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும், ஊர்ப் பயணத்துக்கும் அடகுக் கடைக்குப் போய் வருவது அந்த நாலைந்து பவுன்தான். அது தொலைந்தால் தொலைவது நகை மட்டும் அல்ல.

பெல் துரையின் தோல்வி

இந்தக் கருவி இன்று நேற்று வந்தது அல்ல. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881-ல் இப்படி ஒன்றைச் செய்தார். அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெல் தம் கருவியோடு வந்தார். ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த கட்டிலின் மெத்தையில் இரும்புச் சுருள்கள்! குழம்பிய கருவியால் குண்டு இருக்கும் இடத்தைக் காட்ட முடியவில்லை. கார்பீல்டு பிழைக்கவில்லை.

பின்னர் இரண்டாம் உலகப் போரில், போலந்து நாட்டு அதிகாரி கொசாட்ஸ்கி என்பவர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். 1942-ல் எல் அலமீன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. நம் கட்கியில் இருக்கும் பம்பாய் சாப்பர்ஸ் படைப் பிரிவினருக்குக் கண்ணிவெடி தேடுவது தொழில். மேலைநாடுகளிலோ அதே கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வயல்வெளிக்குப் போவது இன்று பொழுதுபோக்கு. நம் நாட்டிலும் சிலர் அப்படிக் கிளம்பியிருக்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

கம்பின் நுனியில் தட்டுப் போல இருப்பது கம்பிச் சுருள். அதில் மாறு மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் ஓர் உலோகம் அகப்பட்டால் அதற்குள்ளேயும் ஒரு சிறு மின்னோட்டம் சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சி எழுப்பும் எதிர்ப் புலத்தைக் கருவி உணர்ந்து 'கீ' என்று குரல் கொடுக்கிறது.

தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கருவிக்கு அது போதும். ஆற்றில் கயிற்றில் காந்தத்தைக் கட்டிப் போட்டுக் காசு பொறுக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. அதனால் பையன்களின் பாடு நடக்கிறது. மோதிரமும் மூக்குத்தியும் காந்தத்துக்கு மசியாது.

தங்கத்துக்கு என்று இந்தக் கருவியிடம் தனிக் குரல் எதுவும் கிடையாது. சிறிய தங்க மோதிரமும், சிகரெட் பெட்டியின் அலுமினியக் காகிதமும், பான டப்பாவின் வளையமும் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசும். குப்பை வேண்டாம் என்று அந்தக் குரலை அடைத்துவிட்டால் மோதிரமும் சேர்ந்து போய்விடும். ஆகையால் நகை தேடுகிறவன் நூறு சோடா மூடியையும் தோண்டத் தயாராக இருக்க வேண்டும். வெள்ளி மெட்டி பரவாயில்லை, நல்ல கணீர்க் குரல்.

இன்னொரு செய்தி. வளையமாக இருக்கும் மோதிரம் எளிதில் அகப்படும். மெல்லிய சங்கிலி அப்படி இல்லை. கருவியின் கண்ணுக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரிவதில்லை; தனித்தனிப் பொடி வளையங்களாகத்தான் தெரிகிறது. இரண்டு பவுன் சங்கிலியைத் தவறவிட்டு, கருவி ஒன்றும் சொல்லவில்லையே என்று பலர் கைவிடுவது இதனால்தான். தாலியில் கோத்த பொட்டோ, காசோ, மராட்டியப் பெண்களின் மங்கள்சூத்ராவில் தொங்கும் இரண்டு சிறு கிண்ணங்களோ இருந்தால் அவைதான் காட்டிக் கொடுக்கும்.

புனேயின் மண் வேறு ஒரு தொல்லை. இந்தப் பக்கத்துக் கருங்கல்லும் அதிலிருந்து பிறந்த கரிசல் மண்ணும் எரிமலைக் குழம்பு உறைந்து வந்தவை. இரும்புச் சத்து மிகுதி. வெறும் மண்ணுக்கே கருவி கத்தும். தேடும் இடத்து மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சரி செய்துகொள்ளாமல் சிங்ககட் அடிவாரத்தில் இறங்கினால் காதுதான் வலிக்கும். நல்ல மண்ணிலும் மோதிரம் போன்ற சிறு பொருளை ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம். பத்தடிக்குக் கீழே புதையலைக் காட்டும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கருவி இல்லாதவர் என்ன செய்வது?

நம்மில் எத்தனை பேரிடம் இந்தக் கருவி இருக்கப் போகிறது? நகை தொலைந்த உடனே செய்ய வேண்டியது வேறு. முதலில் யாரையும் நடமாட விடக்கூடாது. பதறிப் போய்ப் பத்துப் பேர் மண்ணை மிதித்தால், மேலே கிடந்தது உள்ளே போய்விடும். தங்கம் தண்ணீரைப் போலப் பதினெட்டு மடங்குக்குக் குறையாத கனம். ஈர மணலில் விட்ட இடத்திலேயே இறங்கும், அலையோடு நெடுந்தூரம் ஓடாது. கடைசியாக நகை இருந்தது உறுதியாகத் தெரிந்த இடத்துக்கும், இல்லை என்று கண்ட இடத்துக்கும் இடையே கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் உடுத்திய துணியை உதறுங்கள். வீட்டில் என்றால் அன்றைய குப்பையை வெளியே கொட்டாதீர்கள். குளியலறைச் சாக்கடை வளைவைக் கழற்றிப் பாருங்கள். கம்மலின் திருகாணி அங்கே உட்கார்ந்திருக்கும்!

பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் இதற்கென்றே ஒரு வகைத் தொலைப்பு உண்டு. 2024-ல் பெங்களூரில் ஒரு குடும்பம் சிலைக்குப் போட்ட 60 கிராம் தங்கச் சங்கிலியோடு பிள்ளையாரைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துவிட்டது. வீடு திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தொட்டித் தண்ணீரை இறைத்து, நூற்றுக்கணக்கான சிலைகளின் களிமண்ணைப் பல மணி நேரம் துழாவிச் சங்கிலியை எடுத்தார்கள். நடமாடும் தொட்டி என்பதால் கிடைத்தது. முட்டா ஆற்றில் விட்டிருந்தால்?

அந்த முட்டா ஆறு எத்தனை வீட்டு நகையை விழுங்கியிருக்கிறது என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. 1961 ஜூலை 12-ம் தேதி பான்ஷெத் அணை உடைந்து, கடக்வாஸ்லா அணையும் உடைந்து, ஆற்றோரப் பேட்டைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பழைய புனேக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தேடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் உண்டு. பொற்கொல்லர் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் விடிவதற்கு முன் தெருவைக் கூட்டி, அந்தத் தூசியை அரித்துப் பொடித் தங்கம் எடுப்பவர்களை வடக்கே 'நியாரியா' என்பார்கள். திருச்செந்தூர்க் கடலில் பக்தர்கள் தவறவிட்ட நகைகளைச் சங்கு எடுக்கும் தொழிலாளர்கள் மூழ்கித் தேடிக் கொடுத்த செய்தியும் அவ்வப்போது வருகிறது. இவர்களிடம் கருவி கிடையாது. விரலும் பொறுமையும்தான்.

216 தங்கக் காசுகள்

கட்டட வேலைக்குப் போகும் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பிம்ப்ரியை அடுத்த சிக்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் கூலித் தொழிலாளர்களுக்கு ஒரு வெண்கலப் பாத்திரத்தோடு 216 தங்கக் காசுகள் கிடைத்தன. மொகலாய மன்னர் முகம்மது ஷா காலத்தவை; இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அவர்கள் யாருக்கும் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். துப்புக் கிடைத்துப் போலீசார் வந்தனர். 2021 டிசம்பரில் காசுகள் அனைத்தும் பறிமுதல்.

அவர்களுக்குச் சட்டம் தெரிந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்தான்! அந்தக் காலத்துத் தொகை. என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

சொன்னால்? விசாரணைக்குப் பிறகு அது உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு. நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்குதான்! அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்த சட்டம் வேறு உண்டா என்று தெரியவில்லை. அது மேஸ்திரிகள் காதிலும் விழவில்லை, கூலிக்காரர் காதிலும் விழவில்லை.

நம் திருவானைக்காவல் கோயிலில் 2020 பிப்ரவரியில் ஏழடி ஆழத்தில் ஒரு செம்பில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. உடனே அதிகாரிகளுக்குத் தகவல் போயிற்று. யாரும் கோர்ட்டு வாசல் ஏறவில்லை.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நகைக் கடையில் கொடுத்து உருக்குவது பெரிய ஆபத்து. சனிவார்வாடா, பாதாளேஸ்வரர் குகை, கார்லா குகை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கருவியோடு போய்த் தோண்டினால் அதுவே குற்றம். கட்கி, தேகு ரோடு, திகி பக்கத்து ராணுவ நிலங்களைச் சொல்லவே வேண்டாம். கருவி கத்துவது வெடிக்காத குண்டைக் கண்டதாலும் இருக்கலாம்.

தெருவில் கிடந்த மோதிரம்

புதையல் வேறு, பிறர் தவறவிட்டது வேறு. தெருவில் கிடந்த மதிப்புள்ள மோதிரத்தை எடுத்து, யாருடையது என்று விசாரிக்காமல் உடனே விற்றால் அது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டமே உதாரணம் காட்டியிருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இந்தக் குற்றம் நீடிக்கிறது. அதே சமயம், பத்திரமாக எடுத்து வைத்து உரிமையாளரைத் தேடுகிறவனைச் சட்டம் குற்றவாளி என்று சொல்லாது. உரியவர் பரிசு அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. கொடுக்கும் வரை பொருளைத் தராமல் வைத்திருக்கலாம்.

இங்கிலாந்தில் 1992-ல் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்தார். மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த நண்பர் எரிக் லாஸ் அதைத் தேடப் போனார். அகப்பட்டது ரோமானியர் காலத்துப் புதையல். ஏறக்குறைய 15,000 காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள்! தாமே தோண்டித் தீர்க்காமல் அவர் உடனே தகவல் சொன்னார். தொல்லியல் துறையினர் ஒழுங்காகத் தோண்டி எடுத்தார்கள். வெகுமதியாக வந்த 17½ லட்சம் பவுண்டை அவரும் விவசாயியும் பகிர்ந்துகொண்டார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டது.

போலீஸ் நிலையத்தில்

நகை காணாமல் போய் மராட்டியில் புகார் சொல்ல நேர்ந்தால் மூன்று சொற்கள் போதும். 'தாகினே' என்றால் நகை. 'ஹரவ்லே' என்றால் தொலைந்துவிட்டது. 'சோர்லே' என்றால் திருடிவிட்டார்கள். பின்னிரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்; வழக்கே வேறாகிவிடும். இங்கே எடையைத் தோலாவில் கேட்பார்கள். இன்றைய கடை வழக்கில் ஒரு தோலா பத்து கிராம், நம் பவுன் எட்டு கிராம். நகை வாங்கிய ரசீதும், அதை அணிந்து எடுத்த போட்டோவும் வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். இரண்டும் நகையோடு ஒரே பெட்டியில் வேண்டாம்.