ஏரி நிறைந்தால் சாலை மறையும்

பொங்கலுக்கு ஊர் திரும்ப, வேலூரில் விடிகாலை பஸ் பிடித்தவர்களுக்கு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வந்துவிட்டதைக் காதுதான் சொல்லும். "கலெக்டர் ஆபீஸ்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஆட்சியர் அலுவலகத்தைக் காணோம், ஏரியைக் காணோம். 814 மீட்டர் உயர அண்ணாமலையையே காணோம். எல்லாம் வெள்ளை.

பனி பெய்கிறது என்கிறோம். ஆனால் மேலிருந்து எதுவும் பெய்வதில்லை. இந்த மூடுபனி தரையை ஒட்டிப் பிறக்கிறது. பகலில் வெயில் வாங்கிய மண், இரவில் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி விடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி போல் கொஞ்சத்தைத் தடுத்துத் திருப்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை வானத்தில் அந்தக் கம்பளி கிடையாது. இரவோ பன்னிரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். தரை குளிர, அதைத் தொட்ட காற்றும் குளிர, அதிலிருந்த நீராவி துளியாகிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்று சொன்னவர் தரையைக் குறிப்பிட்டது தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் இடம் சரி.

நீராவிக்கு ஏரியும் ஈர வயலும் பொறுப்பு. நல்ல மழை பெய்து ஏரி நிரம்பிய ஆண்டில் சாலை மறையும் வாய்ப்பும் கூடும். காற்று அறவே அசையாவிட்டால் ஈரம் புல்லில் பனித்துளியாக இறங்கிவிடும்; வேகமாக வீசினால் மூட்டம் கலைந்துவிடும். மெல்லிய அசைவுதான் இதற்குத் தோது. தவிர, குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடும். ஜவ்வாது மலைச் சரிவில் இறங்கும் குளிர் தாழ்வான இடங்களில் தேங்குவதால்தான், தெளிவாக இருந்த போளூர் சாலை ஒரு இறக்கத்தில் திடீரென்று சுவராகிவிடுகிறது.

அந்தச் சுவரில் தண்ணீர் எவ்வளவு? ஒரு பஸ் கொள்ளும் மூடுபனியைப் பிழிந்தால் ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி தேறும். அவ்வளவுதான். ஆனால் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள எண்ணற்ற துளிகளாகச் சிதறி நிற்கிறது. ஹைபீம் போட்டால் அத்தனை துளியும் வெளிச்சத்தை ஓட்டுநர் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் வலுவானது. துளிகள் ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனிவிளக்குக்குப் பலம் நிறத்தால் வருவதில்லை. பம்பருக்குக் கீழே தாழ்வாக, சாலையைப் பார்த்து இருப்பதால் வருகிறது.

கண் மட்டுமா ஏமாறும்? 1998இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்னோடன் குழு 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. காட்சி மங்கினால் வேகம் குறைவாகத் தெரிகிறது, ஓட்டுநர் தன்னை அறியாமல் வேகம் கூட்டுகிறார் என்றது. 2012இல் ஜெர்மனியின் டூபிங்கனில் பாவ்லோ பிரெட்டோ குழு அதை மறுத்தது. அசல் மூடுபனியில் அருகே தெளிவு, தொலைவில்தான் மங்கல். அதே மாதிரி திரையில் காட்டியபோது ஓட்டியவர்கள் வேகத்தை அதிகமாக உணர்ந்து, தாமாகவே மெதுவாகப் போனார்கள். மூளை நம் பக்கம்தான் போலிருக்கிறது. ஆனால் போதிய அளவு குறைக்கிறோமா என்பது வேறு கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்பதற்குள் சுமார் 75 மீட்டர் ஓடிவிடும். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், மிச்சம் 25 மீட்டர் முருகன் பொறுப்பு. 40 கிலோமீட்டரில் முப்பது மீட்டருக்குள் நிறுத்திவிடலாம்.

இதில் போகிப் புகையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். புகைத்துகள் ஒவ்வொன்றும் நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு கரு. துளிகள் சிறுத்து எண்ணிக்கை பெருகுவதால் பார்வை மேலும் குறுகும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடியது பலருக்கு நினைவிருக்கும். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவர்களை, அதே பண்டிகையின் புகை தடுத்து நிறுத்தியது.

விடிந்ததும் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. முதல் வெயில் புல்லின் ஈரத்தைக் கிளப்பி, காற்றைக் கலக்கி, சற்று நேரம் மூட்டத்தை அடர்த்தியாக்கக்கூடும். பிறகே தரை சூடேறி, பனி அடியிலிருந்து கரையத் தொடங்கும். முதலில் சாலையோரப் புளியமரங்களின் தூர் தெரியும், அப்புறம் கிளை. அதற்குள் ஊர்க்காரர் பையோடு இறங்கி, வீட்டில் இரண்டாவது காபிக்கு உட்கார்ந்திருப்பார். மிச்ச மூட்டம் தாழ்ந்த மேகமாக மலையின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.