சேய்மையும் குறியும்

செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் கைத்துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். 1911 சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில், புகைவண்டிப் பெட்டியில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷை மிக அருகிலிருந்து சுட்டார். பின்னர்த் தம்மையும் சுட்டுக்கொண்டு மாய்ந்தார்.

கைத்துப்பாக்கி அண்மைக்கே உரிய கருவி. ஏன்? அதன் முன்னும் பின்னும் அமைந்த குறிகாட்டிகளின் இடைவெளி ஏறத்தாழ 15 சென்டிமீட்டரே. அவை ஒரு மில்லிமீட்டர் பிசகினால், குண்டு 3 மீட்டரில் 2 சென்டிமீட்டர் விலகும். 25 மீட்டரிலோ 17 சென்டிமீட்டர் விலகிவிடும். அண்மை மறைக்கும் பிழையைச் சேய்மை காட்டிவிடுகிறது.

2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விஜயகுமார் வெள்ளி வென்றது இந்த 25 மீட்டர்த் தொலைவில்தான். மாணவர்களே, தம் பிழையைக் காண அஞ்சாதவருக்கே தொலைவு ஆசானாகிறது.