ஒரே ரேகையில் நான்கு அலைகள்

1909ஆம் வருஷம் அக்டோபர் 8ஆம் தேதி, இன்றைய குரோஷியாவில் ஜாக்ரெப் நகருக்குத் தெற்கே குபா நதிப் பள்ளத்தாக்கில் பூமி அதிர்ந்தபோது, அந்நகரத்து வானிலை நிலையத்தின் தலைவரான ஆந்திரியா மோஹோரோவிசிச், தம் நிலையத்துப் பூகம்பமானி தீட்டிய ரேகையோடு திருப்தியடையாமல், ஐரோப்பாவின் பிற நிலையங்களிலிருந்தும் பதிவுகளைத் தருவித்து, புகைக்கரி பூசிய காகிதத்தில் ஊசி கீறிய அந்த மெல்லிய வெண்கோடுகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார்.

பாறையைத் தான் செல்லும் திசையிலேயே அமுக்கியும் விரித்தும் விரைவது முதலலை. அத்திசைக்குக் குறுக்கே குலுக்கிக்கொண்டு பின்தங்கி வருவது இரண்டாம் அலை. அருகிலிருந்த நிலையங்களின் ரேகைகளில் இவ்விரண்டு மட்டுமே காணப்பட, சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தவற்றிலோ ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டாக நான்கு அலைகள் வந்திருந்தன. கிட்டிய ஊருக்கு வண்டிப் பாதையே போதும். தொலைதூரம் போகிறவனோ சற்றுச் சுற்றினாலும் தார்ச்சாலையைப் பிடித்து முந்திவிடுவான். அவ்வாறே ஆழத்தில் இறங்கி, வேகம் திடீரென மிகும் ஓர் அடுக்கின் வழியே ஓடி மேலேறிய அலைகள், நேரே வந்தவற்றை முந்திவிட்டன என்று அவர் ஊகித்தார். அந்த எல்லையின் ஆழம் ஏறக்குறைய 54 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. பூமியின் மேலோடு முடியுமிடத்தை எவரும் தோண்டிக் காணாமல், கோடுகளைப் பகுத்தே கண்டறிந்த இச்சாதனை எனக்கு என்றும் வியப்பளிப்பது.

இன்று அலைகளைப் பிரிக்கும் வித்தை இன்னும் நுட்பமாகியிருக்கிறது. கருவி மேல்கீழ், வடக்குத்தெற்கு, கிழக்குமேற்கு என மூன்று அசைவுகளைத் தனித்தனியே பதிகிறது. கிடையான இரண்டையும் கணிதத்தால் திருப்பி, பூகம்பம் வந்த திசைக்கு நேராகவும் குறுக்காகவும் அமைக்கிறார்கள். தொலைவில் பிறந்து ஆழத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக எழும் முதலலை மேல்கீழ்ப் பதிவிலேயே மேலோங்கும். அதன் ஓர் அம்சம் மேலோட்டின் அடியெல்லையைக் கடக்கையில் இரண்டாம் அலையாக உருமாறி, கிடைப்பதிவில் சில விநாடி பிந்தித் தலைகாட்டும். மேல்கீழ்ப் பதிவைக் கொண்டு பூகம்பத்தின் சொந்தக் குணத்தைக் கிடைப்பதிவிலிருந்து நீக்கிவிட்டால், நிலையத்தின் அடியிலுள்ள பாறைகளின் முத்திரை மட்டும் எஞ்சுகிறது. மேலோடு 35 கிலோமீட்டர் தடிப்பாயிருந்தால், அந்தத் தாமதம் சுமார் 4 விநாடி.

ஆயினும் தாமதம் மிகுந்தது தடிப்பு மிகுதியாலா, அலையின் வேகக் குறைவாலா என்பதை அந்த ஒரு துடிப்பு தானாகச் சொல்லிவிடாது. ஆகையால் தரைமட்டத்தில் பட்டுத் திரும்பி, எல்லையில் மறுபடியும் எதிரொலித்து வரும் பலவீனமான அலைகளையும் அதே ரேகையில் தேடிப் பிடித்து, இரண்டையும் ஒருங்கே நிர்ணயிக்கிறார்கள்.